சுப்புவின் கண்ணாடிப் பெட்டி

என் கைப்பேசியில் ஒரு காணொளி இருக்கிறது. நாற்பது விநாடிதான் ஓடும். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பச்சோந்தி கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வெளிர்ப்பச்சையாக இருக்கும் அதன் உடலில் திடீரென மஞ்சள் பட்டைகள் பளிச்சென்று எழுகின்றன. உடம்பைப் பக்கவாட்டில் தட்டையாக்கி, வாலைச் சுருட்டி, வாயைத் திறந்து சீறுகிறது. பின்னணியில் என் குரல் கேட்கிறது: "பாரு, பாரு! செம கலரு!"

அன்றிரவே நண்பர்கள் பலர் அதற்கு விருப்பக்குறி போட்டார்கள். கல்லூரியில் மறுநாள் நான்தான் நாயகன். அந்தக் காணொளியில் உண்மையில் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரிய இரண்டு மாதங்கள் பிடித்தன. அது ஒரு சண்டை. எதிரில் இருந்தது கண்ணாடியில் தெரிந்த அதன் சொந்த உருவம்.

பச்சோந்தி வளர்க்க ஆசைப்படும் மாணவர்கள் நம்மிடையே கூடி வருகிறார்கள். பூனை, நாய்போல் சத்தம் போடாது, அடுக்குமாடி வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் சொல்லும் காரணம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் வீடு கிள்ளானில், கல்லூரி பிரிக்பீல்ட்ஸில். கொம்யூட்டர் ரயிலில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரமும் ஐரோப்பியர்கள் எடுத்த பச்சோந்திக் காணொளிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பகுதிநேர வேலைச் சம்பளத்தை மூன்று மாதம் சேர்த்து, பெட்டி, விளக்கு, பிளாஸ்டிக் கொடி, பச்சோந்தி எல்லாம் சேர்ந்த ஒரு 'செட்'டை வாங்கி வந்தேன். தங்கை அதற்குச் சுப்பு என்று பெயர் வைத்தாள்.

பாட்டி பெட்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தார். "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதையா இருக்கே" என்றார்.

பாட்டி சொன்ன பழமொழி பொருத்தம்தான். ஆனால் சுப்பு ஓணான் இல்லை. நம்மில் பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். பள்ளி வேலியில் தலையையும் தொண்டையையும் சிவப்பாக்கிக்கொண்டு தண்டால் எடுப்பது ஓணான். தோட்டத்தில் இலைப்பச்சையாக இருந்து, பயந்தால் பழுப்பாக மாறுவதும் ஓணான் இனத்தைச் சேர்ந்ததுதான். இரண்டையும் மலாய்க்காரர்கள் சும்பா-சும்பா என்பார்கள். பச்சோந்தி வேறு குடும்பம். அதன் விரல்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டி, இடுக்கிபோல் கிளையைக் கவ்வும். கூம்புபோல் துருத்திய கண்கள் இரண்டும் தனித்தனியாகச் சுழலும். ஒன்று முன்னே பார்க்கும்போது மற்றொன்று முதுகுப் பக்கம் பார்க்கும். நாக்கு உடல் நீளத்தைவிட அதிக தூரம் பாயும். உலகில் 200க்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உண்டு. அவற்றில் ஏறக்குறைய பாதி மடகாஸ்கர் தீவில் இருக்கின்றன. தமிழகத்தின் வறண்ட காடுகளிலும் இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் ஓர் இனம் வாழ்கிறது. மலேசியக் காடுகளில் இயற்கையாக ஒன்றுகூட இல்லை.

சுப்புவின் இனத்துக்குப் பூர்வீகம் ஏமனும் சவூதி அரேபியாவின் தென்மேற்கு மலைப்பகுதியும். கடைகளில் 'வேய்ல்ட் கெமிலியன்' என்பார்கள். தலைக்கு மேல் மீன் துடுப்புபோல் ஓர் எலும்புக் கொண்டை இருக்கும். பண்ணைகளில் எளிதாகக் குஞ்சு பொரிக்கும் என்பதால் சந்தையில் அதிகம் கிடைப்பதும் இதுதான். மலைச்சரிவுகளில் பகல் வெயிலும் இரவுக் குளிருமாக, காற்று வீசும் செடிகளில் வாழ்ந்த வம்சம். அதைத்தான் கிள்ளானில் என் படுக்கையறையில் கண்ணாடிக்குள் அடைத்து வைத்தேன்.

கண்ணாடிப் பெட்டி கெட்டது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. நான் பார்த்த காணொளிகளில் சொன்னது பொய்யும் அல்ல. ஜெர்மனியிலோ இங்கிலாந்திலோ குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடேற்றி ஓடிக்கொண்டிருக்கும். அப்போது அறைக் காற்று காய்ந்துபோகும். அங்கே கண்ணாடிப் பெட்டி ஈரத்தையும் வெப்பத்தையும் பிடித்து வைக்கும். முன்கதவுக்குக் கீழே ஒரு காற்று இடுக்கும், மேலே கம்பி வலை மூடியும் இருக்கும். விளக்கின் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று மேலே எழும்பி வலை வழியாக வெளியேறும். கீழ் இடுக்கு வழியாக அறையின் குளிர்ந்த காற்று உள்ளே நுழையும். புகைபோக்கி வேலை செய்வதும் இதே முறையில்தான்.

இதே பெட்டியைக் கிள்ளானுக்குக் கொண்டு வாருங்கள். பகலில் என் அறையில் 31 டிகிரி. ஈரப்பதம் பல நாள்களில் 80 விழுக்காட்டைத் தாண்டும். உள்ளே இருக்கும் காற்றும் வெளியே இருக்கும் காற்றும் ஏறக்குறைய ஒரே சூடு என்றால், மேலே எழும்பும் வேகம் எங்கிருந்து வரும்? மெதுவாக உள்ளே வரும் காற்றும் ஏற்கெனவே ஈரமானது. நான் செய்த கூத்து என்னவென்றால், காணொளியில் சொன்னபடி காலையும் மாலையும் பெட்டிக்குள் தண்ணீர் தெளித்தேன். கண்ணாடியில் வழிந்த துளிகள் மறுநாள் காலை வரை காயவில்லை. 'மழைக்காடு மாதிரியே இருக்கிறது' என்று பெருமைப்பட்டேன். செட்டோடு வந்த சூட்டு விளக்கையும் பகல் முழுவதும் எரியவிட்டேன். பிற்பாடு வெப்பமானி வாங்கி வைத்துப் பார்த்தபோது மேல் கிளையில் 38 டிகிரி காட்டியது. இந்த இனத்துக்கு வெயில் காயும் இடத்தில் 30 டிகிரியை ஒட்டிய சூடு இருந்தாலே போதும். அது வேண்டாமென்றால் விலகிப் போக நிழலும் வேண்டும். கிள்ளானில் அந்தச் சூடு சும்மாவே கிடைக்கிறது. காசு கொடுத்து விளக்கு வாங்கி அதற்கு மேலும் சூடேற்றினேன்.

இரண்டாவது தவறு வெளிச்சத்தில். பெட்டி சன்னலோரம் இருந்தது. காலை வெயில் நேராக விழும். ஆகவே புற ஊதா விளக்கு வாங்க வேண்டிய அவசியமில்லை என்று நினைத்து அந்தக் காசை மிச்சம் பிடித்தேன். உயிரியல் பாடத்தில் வைட்டமின் டி பற்றிப் படித்திருப்பீர்கள். தோலில் படும் புற ஊதா-பி கதிரால்தான் அது உருவாகிறது. அது இல்லாமல் குடல் சுண்ணாம்புச்சத்தை எடுத்துக்கொள்ளாது. பச்சோந்திக்கும் இதே கதைதான். ஆனால் சாதாரண சன்னல் கண்ணாடி புற ஊதா-பி கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். வெளிச்சம் வரும், சூடு வரும், தேவையான அந்தக் கதிர் மட்டும் வராது. என் சுப்புவுக்கு முன்னால் சன்னல் கண்ணாடி, அதற்குப் பிறகு பெட்டிக் கண்ணாடி என்று இரண்டு தடுப்புகள். வெயிலில் உட்கார்ந்தபடியே அதன் எலும்புகள் மெலிந்துகொண்டிருந்தன.

ஏழாவது வாரம் ஒரு காலையில் சுப்பு கிளையில் தலையை மேல்நோக்கித் தூக்கி வைத்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அருகே காதை வைத்தால் சின்னச் சின்ன வெடிப்புச் சத்தம். பகல் நேரத்திலேயே கண்ணை மூடிக்கொண்டது. முன்னங்கால் ஒன்று சற்று வளைந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். தங்கை அழத் தொடங்கிவிட்டாள். நான் தெரிந்த மருந்தகங்களுக்கெல்லாம் தொலைபேசியில் அழைத்தேன். பெரும்பாலானோர் பூனை, நாய் மட்டும் பார்ப்பதாகச் சொன்னார்கள். ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவர் ஒருவரைத் தேடிப் பிடிக்க இரண்டு நாள் ஆனது. ஒரு காலணிப் பெட்டியில் ஓட்டை போட்டு, துணி விரித்து, அப்பாவின் காரில் கொண்டுபோனோம்.

மருத்துவர் முதலில் சுப்புவைத் தொடவே இல்லை. என்னைத்தான் விசாரித்தார். எந்த மாதிரிப் பெட்டி? ஈரம் எவ்வளவு நேரத்தில் காய்கிறது? புற ஊதா விளக்கு எப்போது மாற்றினாய்? மூன்றுக்கும் என்னிடம் சரியான பதில் இல்லை. பிறகு என் கைப்பேசியை வாங்கி அந்தக் காணொளியைப் பார்த்தார். "தம்பி, இது உங்களுக்கு அழகு காட்டல. இது பயந்துபோய் மல்லுக்கு நிக்குது" என்றார்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். பச்சோந்தி சுற்றுப்புறத்துக்கு ஏற்ப நிறம் மாற்றி ஒளிந்துகொள்கிறது என்றுதான் நாம் சிறுவயதிலிருந்து கேட்டு வருகிறோம். கட்சி மாறும் அரசியல்வாதியை அதன் பெயரால் திட்டுவதும் இதனால்தான். உண்மையில் அதன் நிறம் பெரும்பாலும் மற்றப் பச்சோந்திகளோடு பேசும் மொழி. உடல் சூட்டைச் சரிசெய்யவும் நிறம் உதவுகிறது. குளிரெடுத்தால் கருத்துப்போய் வெயிலை உறிஞ்சும். 2015ஆம் ஆண்டு ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மடகாஸ்கரின் 'பேந்தர்' பச்சோந்தியை ஆராய்ந்து இது நடக்கும் விதத்தைக் காட்டினார்கள். அதன் தோல் உயிரணுக்களுக்குள் குவானைன் என்ற பொருளின் மிக நுண்ணிய படிகங்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அமைதியாக இருக்கும்போது படிகங்கள் நெருக்கமாக நின்று நீல ஒளியைத் திருப்பி அனுப்பும். மேலே இருக்கும் மஞ்சள் நிறமியோடு சேர்ந்து அது நமக்குப் பச்சையாகத் தெரியும். கிளர்ச்சியுற்றால் படிகங்களுக்கு இடையே உள்ள தூரம் கூடும். அப்போது மஞ்சளும் சிவப்பும் வெளிப்படும். இயற்பியல் பாடத்தில் ஒளி அலைநீளம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

என்னை உலுக்கியது வேறோர் ஆய்வு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரசல் லிகன், கெவின் மெக்ரா என்ற இருவர் சுப்புவின் இனத்தையே எடுத்து, ஆண்களை நேருக்கு நேர் நிறுத்திப் படம்பிடித்தார்கள். 2013இல் முடிவை வெளியிட்டார்கள். எந்தப் பச்சோந்தியின் தலை வேகமாகவும் அதிகமாகவும் பளிச்சிடுகிறதோ அது பெரும்பாலும் வெல்கிறது. தோற்பது என்ன செய்கிறது? மறு ஆண்டு லிகன் அதையும் எழுதினார். தோற்றது கருத்துப்போகிறது. 'போதும், விட்டுவிடு' என்று அதற்குப் பொருள். பெரும்பாலான சண்டைகள் இப்படிக் காயம் இல்லாமலே முடிந்துவிடுகின்றன.

இப்போது என் காணொளியை நினைத்துப் பாருங்கள். சுப்பு பளிச்சிட்டால் கண்ணாடியில் நிற்பதும் பளிச்சிடும், அதே வேகத்தில். சுப்பு சலித்துப்போய்க் கருத்தால் அதுவும் கருக்கும். ஆனால் இடத்தைவிட்டு நகராது. வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, ஓடிப்போகவும் வழியில்லை. வெளிச்சம் பட்டால் மூன்று பக்கமும் எதிரிகள். ஏழு வாரம் அது அப்படி இருந்தது. நான் அதற்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து ரசித்தேன்.

எல்லாப் பச்சோந்தியும் கண்ணாடியில் இப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லமாட்டேன். பின்புறமும் பக்கங்களும் மறைக்கப்பட்டு, உள்ளே உண்மையான செடிகள் அடர்ந்து நின்றால் பிரதிபலிப்பு குறையும். கண்ணாடியில் நல்லபடி வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நம் ஊர் ஈரத்தில், குளிரூட்டி இல்லாத அறையில், புதிதாகத் தொடங்கும் மாணவர் ஒருவருக்கு அது கடினமான வழி என்பது என் கருத்து.

சுப்புவுக்கு நுரையீரலில் தொற்று. எலும்பில் சுண்ணாம்புச்சத்துக் குறைவு. சில வாரங்கள் ஊசி, சொட்டு மருந்து. ஊசி போடும் நாளில் பாட்டிதான் காலணிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காரில் வருவார். பழமொழியில் வந்ததுபோலவே ஓணான் மடிக்கு வந்துவிட்டது என்று அப்பா கிண்டல் செய்வார். மருந்துச் செலவு நான் 'செட்' வாங்கிய விலையைத் தாண்டியது. அதில் பாதியை அம்மா கொடுத்தார். இன்னும் திருப்பித் தரவில்லை.

கூண்டை நானும் அப்பாவும் செய்தோம். நான்கு புறமும் நுண்வலை, அலுமினியச் சட்டம், இடுப்புயரம். வீட்டின் பின்கட்டில், மழைச் சாரல் படாத இடத்தில் வைத்தோம். உள்ளே பிளாஸ்டிக் கொடிக்குப் பதில் தொட்டியில் செம்பருத்தி. இந்த இனம் இலையையும் கடித்துத் தின்னும். செம்பருத்தி இலையால் அதற்குத் தீங்கில்லை. பச்சோந்தி கிண்ணத்தில் வைக்கும் தண்ணீரைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது, இலையில் தொங்கும் துளியைத்தான் நக்கும். ஆகவே விடியற்காலையில் ஒருமுறை தெளிப்போம். ஒன்பது மணிக்குள் காற்று எல்லாவற்றையும் காய வைத்துவிடும். சூட்டு விளக்கை மருத்துவர் எடுக்கச் சொல்லிவிட்டார். புற ஊதாக் குழல் விளக்கு ஒன்று கூண்டின் மேல் எரிகிறது. அது கண்ணுக்கு ஒளிர்ந்துகொண்டே இருந்தாலும் நாளடைவில் கதிர் மங்கிவிடுமாம். அதனால் வாங்கிய தேதியை அதன் முனையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். புகைமூட்டம் வரும் நாள்களில் மட்டும் கூண்டை வீட்டுக்குள் நகர்த்துகிறோம்.

உணவுக்குச் சுவர்க்கோழி. பறவைக்கும் அரோவானா மீனுக்கும் செங்கெரிக் என்று விற்பார்களே, அதுவேதான். பையோடு வாங்கி அப்படியே போடக்கூடாது என்பதும் பிறகு கற்றதுதான். முந்தைய நாளே அவற்றுக்குக் கீரையும் கேரட்டும் தின்னக் கொடுத்து, சுண்ணாம்புத் தூளில் புரட்டிப் போட வேண்டும். பூச்சியின் வயிற்றில் என்ன இருக்கிறதோ அதுதான் பச்சோந்தியின் வயிற்றுக்குப் போகும்.

நான் செய்த ஒரே சரியான காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். அதுவும் அப்பாவின் வற்புறுத்தலால் நடந்தது. பச்சோந்திகள் அருகிவரும் உயிரினங்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் உள்ளவை. நம் நாட்டில் இதற்கு 2008ஆம் ஆண்டுச் சட்டம் 686 இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் வனவிலங்குகளை வைத்திருப்பதைப் பற்றி 2010ஆம் ஆண்டுச் சட்டம் 716 பேசுகிறது; 2022இல் அதைத் திருத்தித் தண்டனைகளைக் கடுமையாக்கினார்கள். "தாள் இல்லாம எதுவும் வீட்டுக்குள்ள வராது" என்று அப்பா சொல்லிவிட்டார். பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, என்ன தாள் தேவை என்று தெரிந்துகொண்டு, கடையில் அதைக் கேட்டு வாங்கிய பிறகே பணம் கொடுத்தோம். தாள் கேட்டதும் பேச்சை மாற்றுகிற விற்பனையாளரிடமிருந்து நடையைக் கட்டுங்கள். காட்டில் பிடித்ததா, பண்ணையில் பொரித்ததா என்றும் கேளுங்கள். காட்டிலிருந்து வந்தவை பல நேரம் ஒட்டுண்ணிகளோடும் பயண அலுப்போடும் வந்து சேரும்.

பெண் பச்சோந்தி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். இந்த இனத்தின் பெண், ஆணைப் பார்க்காமலேகூட முட்டையிடும். ஒரு தடவைக்குப் பல பத்து முட்டைகள். தோண்டிப் புதைக்க ஈரமண் இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகலாம். மூன்று கொம்புடைய 'ஜாக்சன்' பச்சோந்தியைப் படத்தில் பார்த்து மயங்குபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அது கென்ய மலைநாட்டு விலங்கு, இரவில் நல்ல குளிர் வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கின் இரவுப் புழுக்கம் அதற்கு ஆகாது.

அலுத்துவிட்டால் பூங்காவில் விட்டுவிடலாம் என்று ஒரு நண்பன் சொன்னான். நம் பூங்காக் குளங்களில் சிவப்புக்காது ஆமைகள் எப்படி வந்தன என்று அவனைக் கேட்டேன். இதே ஜாக்சன் பச்சோந்தி 1972இல் ஹவாய்த் தீவுக்குச் செல்லப்பிராணிக் கடைக்காக வந்து, தோட்டத்தில் விடப்பட்டு, இன்று அங்கே காட்டில் பெருகியிருக்கிறது. உள்ளூர்ப் பூச்சிகளையும் நத்தைகளையும் தின்கிறது.

மருத்துவரைத் தேடி அலைந்த அந்த இரண்டு நாள்களை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்திலும், கிளந்தான் மலேசியா பல்கலைக்கழகத்திலும் கால்நடை மருத்துவம் படிக்கலாம். ஊர்வனவற்றின்மீது ஆர்வம் உள்ள படிவம் ஐந்து, ஆறு மாணவர்கள் யாராவது அந்தப் பக்கம் போனால், என் போன்றவர்களின் காலணிப் பெட்டிகள் அவர்களுக்காகக் காத்திருக்கும்.

சுப்புவுக்கு இப்போது இரண்டு வயது. வளைந்த முன்னங்கால் நேராகவில்லை, இனியும் ஆகாது. கிளை மாறும்போது அந்தக் காலை மட்டும் ஒரு தரத்துக்கு இரண்டு தரம் வைத்துப் பார்த்துப் பிடிக்கும். அந்த மஞ்சள் பட்டைகளை நான் பல மாதங்களாகப் பார்க்கவில்லை. புதிதாக வீட்டுக்கு வரும் நண்பர்கள், "என்ன, வெறும் பச்சையா இருக்கு? கலர் மாறாதா?" என்று ஏமாற்றத்தோடு கேட்கிறார்கள்.

கண்ணாடிப் பெட்டி வீணாகவில்லை. முன்கதவில் ஒழுகும் என்பதால் மீன் விட முடியாது. பாட்டி அதை அடுப்படிச் சன்னலுக்குப் பக்கத்தில் வைத்து, உள்ளே சின்னப் பெரணிகளை நட்டிருக்கிறார். காற்றசையாத அந்த ஈரத்தில் அவை திமுதிமுவென்று வளர்கின்றன.

சாயங்காலம் ஏழரை மணிக்கு சுப்பு செம்பருத்தியின் மேல் கிளைக்கு ஏறும். வாலை வட்டமாகச் சுருட்டி, கண்களை உள்ளிழுத்து மூடிக்கொள்ளும். தூக்கத்தில் அதன் நிறம் இன்னும் வெளுத்து, இளங்குருத்துப் பச்சையாகிவிடும். பின்கட்டிலிருந்து பாட்டியின் குரல் வரும்: "ஓணான் தூங்கிருச்சு. யாராச்சும் லைட்டை அடைங்க."